சிலம்ப ஆசானாகி, மாவட்டச் சங்கத்தையும் நடத்துவது எப்படி?

தருமபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கத்தில் ஒரு ஏரிக்கரைத் திடலில் 26 வருடமாகச் சிலம்பம் சொல்லித் தருகிறேன். நடுவில் 9 வருடம் மாவட்ட அளவில் சங்கப் பொறுப்பிலும் இருந்தேன். பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை, ஓசூர் என்று நாலா பக்கமிருந்தும் தம்பிகள் போன் செய்து கேட்பது ஒன்றுதான்: "மாஸ்டர், நானும் வகுப்பு ஆரம்பிக்கணும், சங்கம் வைக்கணும், எங்கிருந்து தொடங்குறது?" போனில் பத்து நிமிடத்தில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை இது, அதனால் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதிவிடுகிறேன்.

இப்போது பலர் தலைகீழாகப் போகிறார்கள். லெட்டர்பேடு, ரப்பர் ஸ்டாம்பு, முதுகில் பெயர் அடித்த டி-சர்ட் எல்லாம் முதல் மாதமே தயாராகிவிடுகிறது, காலடி (கால் மாற்றி வைக்கிற முறை) மட்டும் வந்திருக்காது. சங்கம் என்பது ஏற்கெனவே ஊர் ஊராகச் சொல்லித் தந்துகொண்டிருக்கிற ஆசான்களும் அவர்களுடைய பிள்ளைகளும் சேர்ந்து வைத்துக்கொள்வது. திடலில் ஆள் இல்லாமல் சங்கம் மட்டும் இருந்தால் அங்கே சான்றிதழ் வியாபாரம்தான் நடக்கும். அதைப் பற்றிக் கீழே விரிவாகவே எழுதியிருக்கிறேன், ஏனென்றால் இந்தத் துறையில் என்னை அதிகம் வருத்தியது அதுதான்.

முதல் பத்து வருடம்

ஒரே ஆசானிடம் குறைந்தது 8, 10 வருடம் இருங்கள். நாகம் பதினாறு, குறவஞ்சி, துளுக்காணம், கர்நாடகம் என்று வகைகள் பல, ஒரே வீச்சுக்கு ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு கணக்கு. மூன்று ஆசானிடம் ஆறாறு மாதம் கற்றவனுக்கு வீச்சு நிறையத் தெரியும், ஆனால் எந்த அடிக்கு எந்தக் கால் என்று கேட்டால் நின்றுவிடுவான். எங்கள் ஆசான் உமிச் சாம்பலால் தரையில் அடையாளம் போட்டு அதில் கால் மாற்றிப் பழகச் சொல்வார். பயிற்சி முடிந்தபின் எந்த அடையாளம் கலைந்திருக்கிறது, எது கலையாமல் இருக்கிறது என்று பார்த்தே யார் எங்கே தவறினான் என்று கண்டுபிடித்துவிடுவார். இன்றைக்கும் அதையேதான் நான் செய்கிறேன், செலவே இல்லாத முறை.

காலடி வரிசை, வீடு கட்டுதல் (காலடியோடு கம்பும் சுற்றித் தனியாக ஆடுவது), ஒற்றைக் கம்பு, இரட்டைக் கம்பு, குத்துவரிசை (வெறுங்கைச் சண்டை), பிடி, பூட்டு, அப்புறம்தான் மான் கொம்பு, வாள், சுருள்வாள் என்கிற ஆயுதங்கள். இந்த வரிசையை அவசரப்பட்டு மாற்றாதீர்கள். ஐந்தாவது வருடத்துக்குப் பிறகு ஆசானிடம் நீங்களே கேட்டு, புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சட்டாம்பிள்ளையாக நில்லுங்கள். நன்றாகச் சுற்றத் தெரிந்த எத்தனையோ பேருக்கு ஒரு ஏழு வயதுப் பிள்ளையின் மணிக்கட்டைத் திருத்தத் தெரியாது. அது தனி வித்தை, வருடக்கணக்காகத் தவறு செய்துதான் வரும், அந்தத் தவறுகளை உங்கள் ஆசான் பக்கத்தில் இருக்கும்போதே செய்துவிடுவது எல்லோருக்கும் நல்லது.

இதற்கிடையே செஞ்சிலுவைச் சங்கமோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸோ நடத்துகிற முதலுதவிப் பயிற்சி ஒன்றை முடித்துவிடுங்கள். கம்பில் முட்டி உடையும், புருவம் கிழியும், காரை எலும்பு விலகும். அந்த நேரத்தில் மஞ்சள் வைக்க ஓடாமல் என்ன செய்யவேண்டும் என்று தெரிந்திருக்கவேண்டும்.

திடல் பிடிப்பது

பள்ளி மைதானம் என்றால் தலைமையாசிரியரிடமும், பொது இடம் என்றால் பஞ்சாயத்திலும் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். வாய்மொழி அனுமதி ஆள் மாறினால் போய்விடும். இடக் கணக்கு எளிது. கம்பு அவரவர் நெற்றி உயரம், கையையும் நீட்டினால் ஒருவர் சுற்ற ஏறக்குறைய 4 மீட்டர் அகல வட்டம் வேண்டும். அப்படியென்றால் ஒரு கபடி மைதான அளவு இடத்தில் 8 பிள்ளைகளுக்கு மேல் ஒரே நேரத்தில் கம்பு சுற்றக்கூடாது, மற்றவர்கள் காலடி போடட்டும், மாற்றி மாற்றி விடுங்கள். 40 பேரை நெருக்கி நிறுத்தி வீடியோ எடுப்பது பார்க்க அழகாகத்தான் இருக்கும், என்றைக்காவது ஒரு பிள்ளையின் கண்ணில் படும்.

நம் பக்கத்துக்கென்று சில விஷயங்கள் உண்டு. மழை இல்லாத காலத்தில் பல வீடுகளில் அப்பா அம்மா இருவருமே பெங்களூருவுக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய்விடுவார்கள், பிள்ளை பாட்டியிடம் இருக்கும் அல்லது கூடவே போய்விடும். மூன்று மாதம் காணாமல் போய்த் திரும்பி வருகிற பிள்ளையைப் பழையபடி முதல் பாடத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் அது மறுநாள் வராது. அவன் விட்ட இடத்தைக் குறித்துவைக்க ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி நோட்டுப் போடுங்கள், வந்ததும் அங்கிருந்தே தொடங்குங்கள். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பிள்ளைகள் அதிகம். அங்கே சொல்லித் தருகிறவர்கள் பெற்றோரிடம் அவர்கள் மொழியில் நாலு வார்த்தை பேசப் பழகிக்கொண்டால் நம்பிக்கை சீக்கிரம் வரும், பிள்ளைகளோ நம் எண்ணிக்கையையும் சொற்களையும் தமிழிலேயே பிடித்துக்கொள்கிறார்கள்.

வருடத்துக்கு ஒருமுறை என் பிள்ளைகளைத் தருமபுரி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போவேன். அங்கே நடுகற்கள் இருக்கின்றன, மாடு பிடித்துப் போனவர்களோடு சண்டை போட்டு இறந்த வீரர்களுக்கு வைத்த கல். "தொறு மீட்டுப் பட்டான்" (மாட்டு மந்தையை மீட்டு இறந்தான்) என்று எழுதிய கற்கள் நம் மாவட்டம் முழுக்கக் கிடைத்திருக்கின்றன. அந்த வீரனின் முன்கால் எப்படி மடங்கியிருக்கிறது, எடை எந்தக் காலில் இருக்கிறது என்று பிள்ளைகளையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். கரும்பலகையில் ஒரு மாதம் விளக்குவது அங்கே அரைமணி நேரத்தில் புரிந்துவிடும்.

கம்பு, கொம்பு, வாள்

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடு பக்கத்தில் இருக்கிறதே, போய் நாலு மூங்கில் வெட்டிவரலாம் என்று நினைக்காதீர்கள். அது காப்புக்காடு, வழக்கு வரும். கடையில் கிடைக்கிற கல் மூங்கிலோ பிரம்போ வாங்கி, கணுவைச் சீவி, எண்ணெய் தடவி நிழலில் உலர்த்துங்கள். சிறு பிள்ளைகளுக்கு மெல்லிய பிரம்பு போதும். விரிசல் விட்ட கம்பை அன்றைக்கே உடைத்துப் போட்டுவிடுங்கள், ஓரமாக வைத்தால் யாராவது ஒரு பிள்ளை எடுக்கும்.

மான் கொம்பு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. அசல் மான் கொம்பு வைத்திருப்பது 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தாத்தா காலத்துக் கொம்பு என்று சொன்னாலும் வனத்துறை விடாது. மரத்திலோ இரும்பிலோ செய்ததை வைத்துப் பழகுங்கள், போட்டிக்கும் அதுவே போதும். சுருள்வாளை 18 வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளை கையில் தரமாட்டேன், இது என் விதி. திருவிழா ஊர்வலத்தில் வாளும் தீப்பந்தமும் காட்டப் போகிறீர்கள் என்றால் முன்னாடியே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பண்டிகை நேரத்தில் இரண்டு ஊருக்குள் மனத்தாங்கல் இருந்தால் அங்கே ஆயுதத்தோடு போகவே வேண்டாம், எவ்வளவு பணம் தந்தாலும்.

வருமானம்

நேராகச் சொல்கிறேன், சிலம்பத்தை மட்டும் நம்பி நம் பக்கத்தில் குடும்பம் நடத்துவது கஷ்டம். நான் மாதம் 300 ரூபாய் வாங்குகிறேன், கால்வாசிப் பிள்ளைகளிடம் அதையும் வாங்குவதில்லை. விவசாயமோ கடையோ சம்பள வேலையோ ஒன்று கையில் இருக்கட்டும். கையில் வேறு வருமானம் இருந்தால்தான் தப்பான காசுக்கு இல்லை என்று சொல்லமுடியும். தனியார் பள்ளிகளில் வாரம் இரண்டு வகுப்பு கிடைக்கும். அரசுப் பள்ளி மாணவிகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 3 மாதத் தற்காப்புப் பயிற்சி உண்டு, அதற்குப் பயிற்றுநர்கள் தேவைப்படுவார்கள், வட்டார வள மையத்தில் விசாரித்துவையுங்கள்.

கலை பண்பாட்டுத் துறையில் சிலம்பாட்டம் கிராமியக் கலையாகவும் கணக்கில் வருகிறது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினராகிவிடுங்கள். மாவட்டக் கலை மன்றம் தருகிற விருதுகளுக்கும் விண்ணப்பிக்கலாம்: 18 வயது வரை கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி, 36 முதல் 50 வரை கலைச் சுடர்மணி, 51 முதல் 65 வரை கலை நன்மணி, 66-க்கு மேல் கலை முதுமணி. ஆசான்களில் பலர் கேட்டு வாங்குவதா என்று கூச்சப்படுகிறார்கள். அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. உங்கள் பெரியவருக்கு நீங்களே படிவம் நிரப்பிக் கொடுங்கள், அவரிடம் பழைய போட்டோவும் பேப்பர் துண்டும் தேடி எடுக்கிற வேலையைச் சேர்த்துச் செய்யுங்கள். அந்தத் தேடலில்தான் ஒரு ஊரின் சிலம்ப வரலாறே வெளியே வரும்.

சங்கம் பதிவு செய்வது

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. குறைந்தது 7 உறுப்பினர்கள் வேண்டும். நோக்கங்களையும் துணை விதிகளையும் எழுதி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யவேண்டும். தருமபுரிக்கு ஒன்று, கிருஷ்ணகிரிக்கு ஒன்று தனியாக இருக்கிறது, 2004-இல் மாவட்டம் பிரிந்ததிலிருந்து இரண்டும் வேறுதான், ஒரே சங்கத்தை வைத்துக்கொண்டு இரண்டு மாவட்டத்துக்கும் நான்தான் தலைவர் என்று சொல்லிக்கொள்வது சண்டைக்கு வழி.

பதிவைவிடத் துணை விதிதான் முக்கியம். கடையில் விற்கிற மாதிரியை அப்படியே நகல் எடுக்காமல் உட்கார்ந்து யோசித்து எழுதுங்கள். ஒரு ஆசான் உறுப்பினராக என்ன தகுதி? ஒரே குடும்பத்திலிருந்து எத்தனை பேர் நிர்வாகத்தில் இருக்கலாம்? (நான் ஒருவர் என்று எழுதச் சொல்வேன்.) தலைவர் எத்தனை முறை நிற்கலாம்? நிர்வாகக் குழுவின் காலம் சட்டப்படியே 3 வருடத்துக்கு மேல் போகக்கூடாது, மறுபடி தேர்ந்தெடுக்கப்படலாம், ஆனால் மூன்று முறைக்கு மேல் வேண்டாம் என்று நாமே விதியில் போட்டுக்கொண்டால் நல்லது. வருடாவருடம் பொதுக்குழு, தணிக்கை செய்த கணக்கு, பதிவாளருக்குத் தாக்கல். இதை இரண்டு வருடம் விட்டுவிட்டால் அப்புறம் சரிசெய்ய அலைச்சல்தான். வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில், சங்கத்தின் பான் எண்ணில், இரண்டு பேர் கையெழுத்தில். தலைவரின் சொந்த ஜிபே எண்ணுக்குப் போட்டிக் கட்டணம் வாங்கிய அன்றைக்கே அந்தச் சங்கத்தின் மேல் சந்தேகம் வந்துவிடும், தலைவர் எவ்வளவு யோக்கியராக இருந்தாலும்.

மாவட்ட விளையாட்டு அலுவலரைப் போய்ப் பாருங்கள். முதலமைச்சர் கோப்பையில் சிலம்பம் இருக்கிறது, மாவட்டப் போட்டிக்கு நடுவர்கள் தேவைப்படுவார்கள். உங்கள் பிள்ளைகள் மோதுகிற பிரிவுக்கு நீங்கள் நடுவராக உட்காராதீர்கள். யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே எழுந்துவிடுங்கள்.

அப்புறம் கட்சி. எல்லாக் கட்சிக்காரர்களும் கூப்பிடுவார்கள், போட்டிக்கு உதவியும் செய்வார்கள். உதவி வாங்கலாம், நன்றி சொல்லலாம், மேடையில் உட்காரவைக்கலாம். பிள்ளைகளுக்குக் கட்சிக் கலரில் சட்டை மாட்டி ஊர்வலத்தில் நடக்கவிடக்கூடாது. பெற்றோரில் எல்லாக் கட்சியும் இருக்கிறது.

சான்றிதழ்

அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்ததிலிருந்து ஒரு காகிதத்துக்கு வந்த மதிப்பு நமக்கு நல்லதும் செய்திருக்கிறது, கெட்டதும் செய்திருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக மேடை ஏறியபோது என் திடலில் பிள்ளைகள் எண்ணிக்கை இரண்டு மடங்கானது. அதே நேரத்தில் காசுக்குச் சான்றிதழ் தருகிற இன்னொரு கூட்டமும் வந்தது.

என் மாணவன் ஒருவன், அப்பா பெங்களூருவில் கட்டட வேலை. என்னிடம் சொல்லாமல் வெளியே ஒரு அமைப்பு நடத்திய தேசியப் போட்டிக்கு 6,500 ரூபாய் கட்டிப் போனான். ஒரு கல்யாண மண்டபம், ஒரே நாள், அவன் பிரிவில் மொத்தம் மூன்று பேர், மூன்று பேருக்கும் பதக்கம். சான்றிதழில் தங்கம் என்று போட்டிருந்தது. இரண்டு வருடம் கழித்து அவன் அதை விளையாட்டு ஒதுக்கீட்டில் வைத்தபோது செல்லாது என்று திருப்பிவிட்டார்கள். அந்தப் பையன் உண்மையிலேயே நல்ல ஆட்டக்காரன், முறையான போட்டியில் நின்றிருந்தாலே வாங்கியிருப்பான். அவன் அப்பா என் திடலுக்கு வந்து, "நீங்க எங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். சொல்லியிருக்கவேண்டும். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் ஜூன் மாதம் பெற்றோரைக் கூட்டி, எந்தப் போட்டிக்கு அரசு அங்கீகாரம், எதற்கு இல்லை, எது வெறும் அனுபவத்துக்கு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். விதிகள் மாறுவதால் ஒவ்வொரு முறையும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுத்தான் எழுதுகிறேன். இதை நீங்களும் முதல் வருடத்திலிருந்தே செய்யுங்கள்.

சங்கத் தலைவராக உங்கள் கையெழுத்துப் போகிற ஒவ்வொரு சான்றிதழுக்கும் வரிசை எண், அதே எண்ணில் பதிவேடு, அதில் பிரிவு, மோதியவர்கள் எத்தனை பேர், நடுவர்கள் யார், மதிப்பெண் தாள். வெற்றுச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டு யாரிடமும் கொடுக்காதீர்கள், உங்கள் சொந்தத் தம்பியாக இருந்தாலும் சரி. ஒரு பிரிவில் மூன்று பேர்தான் என்றால் மூன்று பேர் என்று சான்றிதழிலேயே எழுதுங்கள். வயதுக்குப் பிறப்புச் சான்றிதழைப் பாருங்கள், ஆதாரில் தேதி தப்பாக இருக்கிற பிள்ளைகள் நம் பக்கத்தில் நிறைய.

"ஒரு கையெழுத்துதானே மாஸ்டர், பையன் வாழ்க்கை நல்லா இருக்கும்" என்று கேட்டு வருவார்கள். உறவுக்காரர் வருவார், கடன் கொடுத்தவர் வருவார், அழுகிற அம்மாவும் வருவார். ஒரு பொய்ச் சான்றிதழ் உள்ளே போகிற இடத்தில் நாலு வருடம் வெயிலில் நின்ற வேறொரு பிள்ளை வெளியே போகிறது, அந்தப் பிள்ளையும் நம் மாவட்டத்துப் பிள்ளைதான். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, பையனை நாளைக்குக் காலையில் திடலுக்கு அனுப்புங்கள் என்று சொல்லி அனுப்புங்கள். சிலர் அனுப்பவும் செய்திருக்கிறார்கள்.

போட்டி நடத்தும் நாளில் 108-க்கு முன்பே தகவல், திடலில் முதலுதவிப் பெட்டி, தொடுமுறைக்கு (கம்பால் எதிராளியைத் தொட்டுப் புள்ளி எடுக்கிற மோதல்) தலைக்கவசமும் மார்புக் கவசமும், குலுக்கல் எல்லோர் முன்னாலும், சாப்பாடு ஒரு மணிக்குள். சாப்பாடு தாமதமானால் நடுவருக்குத்தான் முதலில் கோபம் வரும், மதிப்பெண் தாளில் அது தெரியும்.

பெண் பிள்ளைகள்

என் திடலில் இப்போது பாதிக்குப் பாதி பெண் பிள்ளைகள். பெண் பயிற்றுநர் ஒருவராவது கட்டாயம் இருக்கவேண்டும், இல்லையென்றால் பிள்ளையின் அம்மாக்களில் ஒருவர் முறை வைத்து வந்து உட்காரட்டும். வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது தங்குமிடம் தனி, கூடவே ஒரு பெண். கால், இடுப்பு திருத்தும்போது கம்பு நுனியால் தொட்டுக் காட்டுங்கள். தனியாக எந்தப் பிள்ளைக்கும் வாட்ஸ்அப் அனுப்பாதீர்கள், பெற்றோர் இருக்கிற குழுவில் மட்டும் பேசுங்கள்.

ஏதாவது ஒரு பயிற்றுநர் மேல் புகார் வந்தால் சங்கத்துக்குள்ளேயே பஞ்சாயத்துப் பேசி முடிக்கப் பார்க்காதீர்கள். 2012-இன் போக்சோ சட்டப்படி தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். காவல் நிலையம், அல்லது குழந்தைகள் உதவி எண் 1098. சங்கத்தின் பெயர் கெடுமே என்று யோசிக்கிற நேரத்தில் அந்தப் பிள்ளையின் முகத்தை நினைத்துப் பாருங்கள்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஒரு பெண் திடீரென்று வராமல் போனால் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். நம் மாவட்டத்தில் அதற்குப் பல நேரம் காரணம் கல்யாணம். 18 வயதாகவில்லை என்றால் அதற்கும் 1098 தான். இரண்டு வீடுகளில் நான் போய்ப் பேசியே நின்றிருக்கிறது, ஆசான் சொன்னால் கேட்கிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. ஒரு வீட்டில் நான் போவதற்குள் முடிந்துவிட்டது. அவளுடைய கம்பு இன்னும் எங்கள் கொட்டகையில்தான் இருக்கிறது, அதை யாருக்கும் கொடுக்கவில்லை.

பொறுப்பை விடுவது

உங்கள் மாணவர்களில் மூன்று, நான்கு பேராவது தனித் திடல் வைத்து, அவர்களுடைய பிள்ளைகள் போட்டிக்கு வருகிற காலத்தில்தான் மூத்த ஆசான் என்று உங்களைச் சொல்வதற்கு அர்த்தம் இருக்கும். பாலக்கோட்டில் ஒருவன், மத்தூரில் ஒருவன் என்று அவர்களை அனுப்பும்போது உங்கள் நல்ல பிள்ளைகளில் சிலரும் கூடப் போவார்கள், பிடித்து வைக்காதீர்கள். அவர்கள் திடல் திறக்கிற அன்றைக்குப் போய் முதல் கம்பை நீங்கள் எடுத்துக் கொடுங்கள்.

சங்கப் பொறுப்பை நான் ஒப்படைத்தபோது செய்ததை அப்படியே சொல்கிறேன். புதிய நிர்வாகம் தேர்வான அன்றே வங்கியில் கையெழுத்து மாற்றக் கடிதம் கொடுத்தோம். பீரோ சாவி, முத்திரை, பதிவுச் சான்று, நடவடிக்கைக் குறிப்பேடு, ரசீதுப் புத்தகங்கள், பயன்படாத சான்றிதழ்த் தாள்கள் எத்தனை என்பது வரை பட்டியல் போட்டு இரண்டு பிரதி எடுத்தோம். சான்றிதழ்ப் பதிவேட்டில் என் காலத்துக் கடைசி எண்ணுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டு, நானும் புதுத் தலைவரும் செயலாளரும் கையெழுத்துப் போட்டோம். வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகி உரிமையை அவர்களுக்கு மாற்றிவிட்டு நான் வெளியே வந்தேன். மறுநாள் காலை 6 மணிக்குத் திடலில் புதிதாகச் சேர்ந்த 11 பிள்ளைகள் காத்திருந்தார்கள், உமிச் சாம்பல் எடுத்துக்கொண்டு போனேன்.